சாவி பெட்டிக்குள்ளேயே இருந்தது

டெக்சாஸின் டாலஸ் நகருக்கு வடக்கே ஒரு புறநகரில் எங்களுக்கு வாடகைக்கு விடும் வீடு ஒன்று இருக்கிறது. 2023 மார்ச் மாதம், பழைய குடித்தனக்காரர் காலி செய்துவிட்டுப் புதியவர் வருவதற்கு ஒன்பது நாள் இருந்தபோது, போலீசார் துரத்தி வந்த ஒருவன் காரைத் தெருவில் போட்டுவிட்டு ஓடி, பின்கதவின் கண்ணாடியை உடைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குள் புகுந்தான். அவனை நாங்கள் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பிறகும் பார்க்கவில்லை. அதன்பின் ஏழு மணி நேரத்தில் வீட்டுக்கு என்ன நடந்தது, அதற்கான பணத்தைக் கேட்டு வாங்க ஏன் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின என்பதை, இதே நிலையில் மாட்டிக்கொள்ளும் வேறு எவருக்காவது உதவும் என்றே எழுதுகிறேன்.

எதிர்வீட்டில் குடியிருக்கும் திருநெல்வேலித் தம்பிதான் முதலில் கூப்பிட்டார். "அண்ணே, யாரும் வெளியே வராதீங்கன்னு மைக்ல சொல்றாங்க. உங்க வீட்டு முன்னால டேங்க் மாதிரி ஒண்ணு நிக்குது" என்றார். அது டேங்க் அல்ல, பேர்கேட் என்னும் கவச வண்டி. இத்தகைய வண்டிகள் என்றாலே, அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் உபரித் தளவாடங்களை உள்ளூர்க் காவல்துறைகளுக்குக் கொடுக்கும் 1033 திட்டத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். 1990-களில் தொடங்கி 700 கோடி டாலர் மதிப்புக்கு மேற்பட்ட பொருட்கள் அவ்வழியே போயிருக்கின்றன. ஆனால் பேர்கேட் போன்ற வண்டிகள் பெரும்பாலும் உள்நாட்டுப் பாதுகாப்பு மானியத்தில் புதிதாகவே வாங்கப்படுபவை என்பதைப் பின்னர் தெரிந்துகொண்டேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது இரண்டு தெருவுக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டார்கள். வீடு காலி, உள்ளே வேறு ஆள் இல்லை, முன்கதவுக் கைப்பிடியில் சாவிப் பெட்டி தொங்குகிறது, அதன் எண் இது என்று அங்கிருந்த அதிகாரியிடம் சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். மாலையில் வீட்டைத் திருப்பிக் கொடுத்தபோது, முன்கதவு நிலையிலிருந்து பிடுங்கப்பட்டுப் புல்வெளியில் குப்புறக் கிடந்தது. புரட்டிப் பார்த்தேன், கைப்பிடியில் பெட்டி அப்படியே தொங்கியது. நான்கு எண்களை அழுத்தினேன், மூடி திறந்தது, சாவி உள்ளே இருந்தது.

அவனைக் கூரைக்கடியில் அட்டிக்கில் உயிரோடு பிடித்தார்கள்; யாருக்கும் காயமில்லை. அதில் எனக்கு மெய்யான நிம்மதி, போலீசார் மீது தனிக்கோபமும் இல்லை. ஆனால் பதினோரு சன்னல்களில் ஒன்பது போயிருந்தன, கராஜ் கதவு உள்பக்கமாக மடிந்திருந்தது, பின்வேலி நாற்பது அடிக்குச் சாய்ந்திருந்தது, சுவர்ப்பலகைகளில் கண்ணீர்ப்புகைக் குண்டுகள் துளைத்த வட்ட ஓட்டைகள் இருந்தன. கண்ணீர்ப்புகை என்கிறோமே தவிர அது புகையன்று, மிக நுண்ணிய பொடி. தரைவிரிப்பிலும் ஏசி குழாய்களிலும் அட்டிக்கின் வெப்பத்தடுப்புப் பஞ்சிலும் படிந்துவிட்டால், யாரோ நடக்கும்போதும் ஏசி ஓடும்போதும் மறுபடி கிளம்பும். என் மனைவி ஒரு அலமாரிக் கதவைத் திறந்துவிட்டு, ஐந்து நிமிடம் வாசலில் உட்கார்ந்து கண்ணைக் கழுவ வேண்டியிருந்தது. துடைப்பத்தையும் ஈரத்துணியையும் எடுக்காதீர்கள் என்று துப்புரவு நிறுவனத்தார் தடுத்தார்கள். நல்ல வடிகட்டி பொருத்திய இயந்திரத்தால் முதலில் உலர உறிஞ்ச வேண்டும், விரிப்பையும் பஞ்சையும் தூக்கி எறிய வேண்டும் என்றார்கள். அதற்கு முன்பே அறை அறையாகப் படமும் காணொளியும் எடுத்து வைத்தது, நாங்கள் செய்த சரியான வேலைகளில் முதலாவது. மொத்தச் செலவு 47,000 டாலருக்குச் சற்றுக் குறைவாக வந்தது. புதிய குடித்தனக்காரர் வேறு வீடு பார்த்துக்கொண்டதால் போன மூன்று மாத வாடகை இதில் சேராது.

காப்பீட்டு நிறுவனம் ஓர் ஆளை அனுப்பி ஒரு மணி நேரம் அளந்தது. இரண்டு வாரம் கழித்து வந்த கடிதம், சேதத்தை இரண்டாகப் பிரித்திருந்தது. திருட்டுத்தனமாக நுழைந்தவன் உடைத்த பின்கதவுக் கண்ணாடி காப்பீட்டுக்குள் வரும், அதற்கு 1,150 டாலர். போலீசார் உடைத்த எல்லாம் அரசு அதிகாரத்தின் செயலால் நேர்ந்த அழிவு என்பதால் விலக்குப் பிரிவில் சேரும். எங்கள் ஒப்பந்தப்படி முதல் 4,000 டாலர் எங்கள் கைப்பொறுப்பு, ஆகவே தர வேண்டியது ஒன்றுமில்லை. கோபப்பட்டுப் பயனில்லை, நம்மில் பலர் கையெழுத்திட்டு வைத்திருக்கும் ஒப்பந்தங்களில் இந்த விலக்கு வரி இருக்கிறது. இந்த மறுப்பை எழுத்தில் வாங்கியது பின்னால் உதவியது.

அடுத்தது நகராட்சி. டெக்சாஸில் அரசு அமைப்பின் மீது இழப்புக் கோரிக்கை வைக்க ஆறு மாதத்துக்குள் எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். நகராட்சியின் சாசனம் அதைவிடக் குறைந்த கெடுவையும் வைத்திருக்கலாம். நாங்கள் நாற்பதாம் நாள் கொடுத்தோம். காவல் பணி ஆற்றிய முறைக்கு நகராட்சி பொறுப்பல்ல என்ற சட்டப்பிரிவைக் காட்டி ஒரே பத்தியில் பதில் வந்தது. அந்தப் பதிலுக்குப் பிறகுதான் வழக்கறிஞரைப் பார்த்தோம், முதலிலேயே பார்த்திருக்க வேண்டும்.

அவர் எடுத்த பிடி வேறு. போலீசார் தவறு செய்தார்கள் என்று வாதிடவே வேண்டாம், அவர்கள் செய்தது சரி என்றே வைத்துக்கொள்வோம், பொதுநன்மைக்காக நடந்த காரியத்தின் செலவை ஏன் ஒரு வீட்டுக்காரர் மட்டும் சுமக்க வேண்டும் என்று கேட்போம் என்றார். எங்களுக்குப் பக்கத்திலேயே மெக்கின்னி நகரில் அதே கேள்வி வழக்காகியிருந்தது. 2020 ஜூலையில் தப்பியோடி ஒருவன் ஒரு முதிய பெண்மணியின் வீட்டில் ஒளிந்ததில் வீடு பாழாகி, 2022-இல் நடுவர் குழு அவருக்கு 59,656 டாலர் 59 சென்ட் கொடுக்கச் சொல்லியிருந்தது. அந்தத் தீர்ப்பை முன்வைத்து நாங்கள் கடிதம் அனுப்பினோம். 2023 அக்டோபரில், டெக்சாஸ் அடங்கிய, கூட்டாட்சியின் ஐந்தாவது சரக மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் புரட்டிப் போட்டது; உடனடி ஆபத்தைத் தடுக்கத் தேவைப்பட்டு நேர்ந்த அழிவுக்கு அமெரிக்க அரசமைப்பின் ஐந்தாவது திருத்தம் இழப்பீடு தராது என்றது. நகராட்சியின் அடுத்த கடிதத்தில் முன்பிருந்த மரியாதைச் சொற்கள்கூட இல்லை.

வழக்கறிஞர் அசரவில்லை. ஐந்தாவது திருத்தம் சொத்தை "எடுப்பது" பற்றித்தான் பேசுகிறது. டெக்சாஸ் அரசமைப்பின் முதல் அத்தியாயம் 17-ஆம் பிரிவோ எடுத்தாலும், சேதப்படுத்தினாலும், அழித்தாலும் தக்க ஈடு தர வேண்டும் என்கிறது. தப்பிய கைதிகளைப் பிடிக்க ஹூஸ்டன் போலீசார் ஒரு வீட்டை எரியவிட்டதாக எழுந்த வழக்கில், குற்றமற்ற வீட்டுக்காரர் இப்பிரிவின்கீழ் ஈடு கோரலாம் என்று மாநில உச்ச நீதிமன்றம் 1980-இலேயே கூறியிருக்கிறது. கொலராடோவின் கிரீன்வுட் வில்லேஜில் 2015-இல் கடையில் திருடியவன் ஒருவனுக்காகப் பத்தொன்பது மணி நேரம் தாக்கப்பட்டு இடித்துத் தள்ள வேண்டியதாகிப்போன வீட்டுக்காரருக்கு நகராட்சி கொடுக்க முன்வந்தது 5,000 டாலர்தான், நீதிமன்றங்களும் அவருக்குக் கைகொடுக்கவில்லை என்று எங்கள் வழக்கறிஞர் சொன்னபோது, எங்கள் வீடு எந்த மாநிலத்தில் நிற்கிறது என்பதே எங்கள் அதிர்ஷ்டம் என்று புரிந்தது.

இதற்கிடையில் மாநிலப் பொதுத்தகவல் சட்டத்தின்கீழ் உடற்கேமராப் பதிவுகளைக் கேட்டோம். குறித்த கெடுவுக்குள் தர வேண்டும், அல்லது மறுக்க மாநிலத் தலைமை வழக்கறிஞரின் அனுமதி கேட்க வேண்டும். நகராட்சி அனுமதி கேட்டது. எங்கள் வீட்டில் புகுந்தவன் மீதான குற்ற வழக்கு முடிந்த பிறகே பதிவு வந்தது. அதில் நான் சாவிப் பெட்டியின் எண்ணைச் சொல்வது தெளிவாகக் கேட்கிறது.

2024 நவம்பரில் மெக்கின்னி வழக்கை விசாரிக்க அமெரிக்க உச்ச நீதிமன்றம் மறுத்தது. எனினும் நீதிபதி சோட்டோமேயர், எதிரெதிர் முகாம்களில் வைத்தே பேசப்படும் நீதிபதி கோர்சச்சும் உடன் சேர, இது முக்கியமான, இன்னும் விடை காணாத கேள்வி என்று தனியே எழுதினார். இரண்டு மாதம் கழித்து எங்கள் நகராட்சியின் வழக்கறிஞர் தொலைபேசியில் அழைத்தார். 34,000 டாலருக்கு ஒத்துக்கொண்டோம். வழக்குச் செலவு போகக் கையில் நின்றது அதில் மூன்றில் இரண்டு பங்கு. எந்தப் பொறுப்பையும் நகராட்சி ஒப்புக்கொள்ளவில்லை என்ற வரியின் கீழ் இருவரும் கையெழுத்திட்டோம்.

இந்த ஆண்டு காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது கட்டணம் ஏறியிருந்தது. காரணம் கேட்டதற்கு, கோரிக்கை பதிவாகியிருக்கிறது என்றார்கள். வேறு நிறுவனத்தில் விண்ணப்பித்தேன். கடந்த ஐந்தாண்டுகளில் கோரிக்கை உண்டா என்ற கட்டத்தில் "ஆம்" என்றும், கிடைத்த தொகை என்ற கட்டத்தில் 0 என்றும் எழுதி அனுப்பியிருக்கிறேன்.