டெலே பி2: துவியேராவோடு பட்ட பாடு

ஸ்பானிஷ் மொழித் தேர்வான டெலேயில் பி2 நிலை எழுதப் போகிறவர்களுக்கு இது உதவும். ஆசை, சந்தேகம், கற்பனை சொல்லும் வினை வடிவம் சப்ஜங்க்டிவ்; அதில் நிகழ்காலம் வரை எனக்குச் சிக்கல் எதுவும் வரவில்லை. அதன் கடந்தகால வடிவமான இம்பர்ஃபெக்ட் சப்ஜங்க்டிவ், அதிலும் ஒழுங்கற்ற வினைகள் வந்ததும்தான் வண்டி நின்றது.

பில்பாவோவில் நான் சேர்ந்த வகுப்பில் ஒரு ஜெராக்ஸ் தாளை நீட்டினார்கள். தெனேர் (வைத்திருத்தல்) என்றால் துவியேரா, போதேர் (முடிதல்) என்றால் புதியேரா, அசேர் (செய்தல்) என்றால் இசியேரா என்று இரண்டு பக்கமும் பொடி எழுத்தில் பட்டியல். "மனப்பாடம்தான், வேறு வழியில்லை" என்றார் ஆசிரியை.

வழி இருக்கிறது, அதுவும் ஒரே வரியில். முடிந்துபோனதைச் சொல்லும் சாதாரண இறந்தகாலமான பிரெத்தெரித்தோவில் 'அவர்கள்' வடிவத்தை எடுங்கள்: துவியேரோன். கடைசி 'ரோன்' போய் 'ரா' வந்தால் துவியேரா. செர் (இருத்தல்), இர் (போதல்) இரண்டுக்கும் ஃபுவேரோன், ஆகவே ஃபுவேரா. தோர்மிர் (தூங்குதல்) கூட துர்மியேரோன், துர்மியேரா என்று அதே வழியில் வந்துவிடுகிறது. இதற்கு விதிவிலக்கே கிடையாது. பிரெத்தெரித்தோ தெரிந்தவருக்கு அந்தத் தாள் முழுக்க வெட்டிச் சுமை. கட்டணமும் வாங்கிக்கொண்டு இதைச் சொல்லாமல் விட்டார்களே என்று இன்றும் வயிறு எரிகிறது.

இன்னொரு கூத்து: அந்தத் தாளில் தெசிருக்கு (சொல்லுதல்) 'திஹியேரா' என்று அச்சாகியிருந்தது. அதை அப்படியே மாதிரித் தேர்வில் எழுதினேன். சிவப்பு மையால் அடித்துத் திருப்பித் தந்தார்கள், அதே ஆசிரியைதான்! தாளைக் காட்டினால், "அது பழைய பிரதி" என்று பதில். திஹேரோன் என்பதில் நடுவே 'இ' இல்லை, அதனால் திஹேராதான். திராஹேரா, கொந்துஹேரா எல்லாம் இதே ரகம்.

காது கொடுத்துக் கேட்டே கற்றுக்கொள்ளலாம் என்று நினைத்தால், வடக்கு ஸ்பெயினில் அதிலும் ஆபத்து. எங்கள் மாடியில் இருந்த பாட்டி 'நேரம் இருந்தால் போவேன்' என்பதை "சி தெந்த்ரியா தியெம்போ, இரியா" என்றுதான் சொல்வார். பாஸ்க் நாட்டிலும் பர்கோஸ் பக்கத்திலும் பலர் அப்படித்தான் பேசுகிறார்கள். பாட்டியைத் திருத்த நான் யார்? ஆனால் தேர்வில் அது பிழை. 'சி துவியேரா தியெம்போ, இரியா' என்றே சொல்ல வேண்டும். நமக்கு வேறொரு தொல்லையும் உண்டு. 'நேரம் இருந்தால் வருவேன்' என்று ஒன்றை வைத்தே சமாளித்துவிடுகிறோம். அங்கே நேரம் கிடைக்க நியாயமான வாய்ப்பு இருந்தால் 'சி தெங்கோ', கிடைப்பது கஷ்டம் என்றால் 'சி துவியேரா'. வாயைத் திறக்கும் முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

பேச்சுத் தேர்வுக்கு முன் தயாரிக்க 20 நிமிடம் தருகிறார்கள். குறிப்புத் தாளை உள்ளே வைத்துக்கொள்ளலாம், பார்த்துப் படிக்கத்தான் கூடாது. மூலையில் துவியேரோன், ஃபுவேரோன், எஸ்துவியேரோன் என்று மட்டும் கிறுக்கிக்கொண்டேன். யோசனைகளைப் பற்றிப் பேசும் முதல் பகுதியில் 'சி யோ ஃபுவேரா எல் அல்கால்தே' (நான் மேயராக இருந்தால்) என்று மேயர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டால் பேச்சு தானாக ஓடும். படத்தைப் பற்றிப் பேசும்போது கையில் இருக்க வேண்டியது 'கோமோ சி', அதாவது நம் '...வது போல'. அதற்குப் பின்னால் எப்போதும் இந்த வடிவம்தான், யோசிக்கவே வேண்டாம். எனக்கு வந்த படத்தில் இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். 'கோமோ சி எஸ்துவியேரான் என்ஃபதாதோஸ்' (கோபமாக இருப்பது போல) என்று போட்டேன். எதிரே இருந்தவர் பேனாவை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார். அப்பாடா!

அப்புறம், கேட்டல் பகுதியில் துவியேசே, ஃபுவேசே என்று காதில் விழுந்தால் பதற வேண்டாம். துவியேரா, ஃபுவேராவின் இன்னொரு வடிவம், அவ்வளவுதான். புரிந்தால் போதும், பேசும்போது 'ரா'விலேயே நில்லுங்கள். கடையில் பணிவாக ஒன்றைக் கேட்கவும் 'கிசியேரா'தான் (வேண்டும் என்பதன் பணிவான வடிவம்) பொருந்தும், 'கிசியேசே' அல்ல. எழுதும்போது 'நாங்கள்' வடிவமான துவியேராமோஸில் 'யே' மேல் சாய்கோடு போட மறக்காதீர்கள். தாளைக் கொடுக்கும் முன் அதை மட்டும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.