மட்டாஞ்சேரி யூதப்பள்ளி: தலையைக் குனிந்து பாருங்கள்

கொச்சி மட்டாஞ்சேரியில் யூதத் தெருவின் கோடியில் இருக்கிறது பரதேசி யூதப்பள்ளி, யூதர்களின் வழிபாட்டிடம். பரதேசி என்றால் இங்கே வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்று பொருள். கட்டியது 1568-இல். இடம் கொடுத்தவர் கொச்சி ராஜா, அதுவும் தன் அரண்மனையை ஒட்டியே. பக்கத்தில் பழையன்னூர் பகவதி கோயில். 1662-இல் போர்த்துகீசியர் பள்ளியைச் சூறையாடினார்கள். டச்சுக்காரர்கள் வந்த பிறகு இரண்டொரு ஆண்டில் மீண்டும் எழுந்தது.

வெள்ளிக்கிழமை போவதானால் காலையிலேயே போய்விடுங்கள். மதியத்துக்கு மேல் சபாத்துக்காக, அதாவது யூதர்களின் வாராந்திர ஓய்வுநாளுக்காக, மூடிவிடுவார்கள். சனிக்கிழமையும் யூதப் பண்டிகை நாட்களும் விடுமுறை. பஸ்கா, புத்தாண்டு தேதிகள் ஆண்டுதோறும் மாறும் என்பதால் நாட்காட்டியைப் பார்க்காமல் போகிறவர்கள் பூட்டிய கதவைத்தான் பார்த்துத் திரும்புகிறார்கள். அரைக்கால் சட்டை, கையில்லாத உடை கூடாது. உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை.

செருப்பை வெளியே கழற்ற வேண்டும். உலகின் பெரும்பாலான யூதப்பள்ளிகளில் இந்த வழக்கம் கிடையாது. இது கேரளத்து மண்ணின் பழக்கம். வெறுங்காலோடு நடந்தால்தான் தரையின் அருமையும் தெரியும். நீலமும் வெள்ளையுமான சீன ஓடுகள், ஆயிரத்துக்கும் மேல். 18-ஆம் நூற்றாண்டில் வணிகர் எசக்கியேல் ரஹபி சீனாவின் கான்டனிலிருந்து தருவித்தவை. ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை என்பார்கள். சில ஓவியங்கள் திரும்பத் திரும்ப வரத்தான் செய்கின்றன. ஆனால் கையால் வரைந்ததால் ஓட்டுக்கு ஓடு கோட்டின் அழுத்தம் மாறும். அடுத்தடுத்த இரண்டு ஓடுகளில் ஒரே மரக்கிளையை ஒப்பிட்டால் புரியும். எல்லோரும் அண்ணாந்து பெல்ஜியம் சரவிளக்குகளையே பார்க்கிறார்கள். அது வீண் என்று சொல்லவில்லை, ஆனாலும் கண் முதலில் கீழே போகட்டும்.

கூடத்தின் நடுவே பித்தளைக் கம்பி சூழ்ந்த மேடை, தேபா. மேற்குச் சுவரில் தோரா என்ற யூத மறைநூலின் சுருள்கள் வைக்கும் பேழை, ஹேகால். எருசலேம் இங்கிருந்து மேற்கே இருப்பதால் திசை அப்படி. திரும்பி மாடத்தை நிமிர்ந்து பாருங்கள்: அங்கே இரண்டாவது தேபா ஒன்று இருக்கும். இது கேரளப் பள்ளிகளுக்கே உரிய அமைப்பு. பெண்கள் அமர்ந்தது அதற்குப் பின்னால், மரத்தடுப்புக்கு அப்பால்.

1760-இல் ரஹபி எழுப்பிய மணிக்கூண்டில் ஒரு முகத்தில் எபிரேய எண்கள், இன்னொன்றில் ரோமன், வேறொன்றில் மலையாளம்.

தமிழருக்கு இங்கே ஒட்டும் உறவும் ஒன்று உண்டு. பள்ளிக்குச் சொந்தமான செப்பேடு வட்டெழுத்து என்ற பழந்தமிழ் எழுத்தில் எழுதியது. சுமார் கி.பி. 1000-இல் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், யூதத் தலைவர் யோசேப்பு ரப்பானுக்கு அளித்தது. 'இசுப்பு இரப்பான்' என்றே பெயர் வரும். அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழு உரிமையோடு பகல்விளக்கு, பாவாடை (நடக்க விரிக்கும் துணி), குடை, தோரணம் என்று உரிமைகள் நீள்கின்றன. அகராதி வேண்டாம், நமக்கே புரியும்.

அரசர் இத்தனை மரியாதை செய்த சமூகத்துக்குள்ளேயே ஏற்றத்தாழ்வும் இருந்தது. விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர்களுக்கு இந்தக் கூடத்தில் சம இடம் தரவில்லை. அவர்களில் ஒருவரான வழக்கறிஞர் ஆபிரகாம் பராக் சலேம் சத்தியாக்கிரகம் செய்துதான் அந்த வழக்கம் தளர்ந்தது. முன்கூடத்தைக் கடக்கும்போது ஒரு கணம் நில்லுங்கள். அவர்களை உட்கார வைத்தது அங்கேதான்.