அருவியைத் தேடி மூன்று நாள்

ஏப்ரல் 10, வியாழன்

மதியம் வந்து சேர்ந்தோம். ஜிம்பாப்வேயில் அருவியின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்ட சின்ன ஊர், விக்டோரியா ஃபால்ஸ். விடுதி வாசலில் நின்றால் மரங்களுக்கு மேலே வெள்ளையாகப் புகை எழும்புகிறது. காடு எரிகிறதோ என்று பயந்தேன். சாரலாம்! இங்குள்ளவர்கள் வைத்த பெயர் 'மோசி-ஓவா-துன்யா', இடிமுழக்கப் புகை. 1855இல் வந்த பிரிட்டிஷ் ஆய்வுப் பயணி லிவிங்ஸ்டன் தன் நாட்டு ராணி விக்டோரியாவின் பெயரைச் சூட்டிவிட்டுப் போய்விட்டார். பழைய பெயர்தான் பொருத்தம்.

ஏப்ரல் 11, வெள்ளி

1,708 மீட்டர் அகலம், 108 மீட்டர் உயரம் என்று படித்துவிட்டுப் போனேன். மேற்கு முனையில் தண்ணீர் விழுவது நன்றாகவே தெரிந்தது. பாதையில் கிழக்கே நடக்க நடக்க அருவி காணாமல் போய்விட்டது. எதிரே வெள்ளை, அவ்வளவுதான். சத்தம் மட்டும் நெஞ்சில் அதிர்கிறது.

சாம்பேசி ஆறு ஒரு குறுகிய பிளவுக்குள் விழுகிறது. நாம் நிற்பது பிளவின் எதிர்க்கரையில், அருவியின் தலை மட்டத்தில். அடியில் மோதிய தண்ணீர் காற்றோடு மேலேறி, நம் தலையில் மழையாகக் கொட்டுகிறது. வாடகை மழைக்கோட்டு கழுத்து வழியே தண்ணீரை உள்ளே விட்டது. மழைக்காலத்து வெள்ளம் மெதுவாக இறங்கி, ஏப்ரல் வாக்கில்தான் இங்கே உச்சத்துக்கு வருகிறது. அக்டோபர், நவம்பரில் வந்தால் பாறை தெளிவாகத் தெரியும். ஆனால் அருவியின் கிழக்கே, அண்டை நாடான சாம்பியா பக்கம் பெரும்பகுதி வறண்டு கிடக்கும்.

நாற்பது படம் எடுத்தேன், எல்லாம் வெள்ளை. "இதுக்கு நம்ம வீட்டுச் சுவரையே எடுத்திருக்கலாமே" என்றாள் மனைவி. கொஞ்ச நேரத்தில் என் போனும் நனைந்து அணைந்துவிட்டது.

ஏப்ரல் 12, சனி

பகலில் 1905இல் கட்டிய எல்லைப் பாலம். கயிற்றைக் கட்டிக்கொண்டு குதிப்பவர்களை வேடிக்கை பார்த்தோம். நமக்கு அது ஆகாது.

இரவு பௌர்ணமிக்காகப் பூங்காவைத் திறந்து விட்டார்கள். நிலா கிழக்கே இன்னும் தாழ்வாகத்தான் இருந்தது. அதற்கு முதுகைக் காட்டி நின்றோம். நேற்று அருவியை மறைத்த அதே சாரலில், சாம்பல் வெள்ளையாக ஒரு வளைவு. அதற்குப் பெயர் நிலா வானவில். அந்த மங்கல் வெளிச்சத்தில் கண்ணுக்கு நிறம் பிடிபடவில்லை. மனைவி தன் போனைக் கைப்பிடிக் கம்பத்தில் அழுத்தி வைத்துச் சில விநாடிகள் அசையாமல் எடுத்த படத்தில் மட்டும் சிவப்பும் பச்சையும் வந்திருந்தன. படத்தை எனக்குக் காட்டிவிட்டு, நிமிர்ந்து மறுபடி அந்த வெள்ளை வளைவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சட்டை இன்னும் காயவில்லை. காலையில் விமானம்.