அம்மாவின் இன்சுலின் பேனா: சில நாட்குறிப்புகள்

மார்ச் 3, 2025, திங்கள்

விடிகாலை மூன்று மணிக்கு அம்மாவின் முனகல் கேட்டு எழுந்தேன். தலையணை உறையைப் பிழியலாம், அவ்வளவு வியர்வை. நெற்றி மட்டும் சில்லென்று இருந்தது. கூப்பிட்டால் ‘ம்’ என்கிறாள், கண் திறக்கவில்லை. விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தேன்: 54. அது 70-க்குக் கீழே போகக் கூடாது.

உட்கார வைத்து, விழுங்குகிறாளா என்று ஒரு வாய் தண்ணீர் கொடுத்துப் பார்த்துவிட்டு, 15 கிராம் குளுக்கோஸ் பொடியைக் கரைத்துக் கொடுத்தேன். முன்பெல்லாம் இதற்குப் பழச்சாறுதான். பொட்டாசியம் ஏறுகிறது என்று டாக்டர் தடுத்ததிலிருந்து குளுக்கோஸ் டப்பா கட்டிலுக்கு அடியிலேயே இருக்கிறது. கால் மணி நேரம் கழித்து 81. அப்புறம்தான் என் கை நடுங்குவதைக் கவனித்தேன்.

காலையில் எழுந்ததும் அம்மா சொன்னது: “பாத்தியா, சர்க்கரை தானா இறங்கிட்டு வருது. உடம்பு தேறுதுடி.”

நானும் பாதி நம்பினேன், ஒப்புக்கொள்கிறேன். இரண்டு மாதமாகவே அவளுடைய சர்க்கரை முன்பிருந்த கணக்கில் இல்லை. ஆனால் அதே இரண்டு மாதத்தில் ‘உப்பு’ ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினினுக்கு எங்கள் வீட்டில் அதுதான் பெயர். போன முறை 2.3. அவள் வயதுக்கு (64) கணக்குப் போட்டால் சிறுநீரகத்தின் வடிகட்டும் வேகம் நிமிடத்துக்கு 23 மி.லி. வருகிறது. சிறுநீரக நோயின் ஐந்து நிலைகளில் நான்காவது.

மார்ச் 5, புதன்

டாக்டரிடம் குறிப்பேட்டை நீட்டினேன். மனிதர் அதிகம் பேசமாட்டார். பக்கங்களைப் புரட்டிவிட்டு, “உங்க அம்மாவுக்கு சர்க்கரை வியாதி குறையலைம்மா. போடுற இன்சுலின் உடம்பை விட்டுப் போகாம தங்குது” என்றார்.

காலையில் 24 யூனிட், இரவில் 16 என்று இருந்ததை 18, 12 ஆக்கிவிட்டார். கால் பங்கு குறைப்பு.

“அப்போ சாப்பிட்ட பிறகு மட்டும் 240, 250 வருதே டாக்டர்?”

“அதுவும் கிட்னி செய்யுற வேலைதான்.”

இரண்டும் எப்படி ஒன்றாக நடக்கும்? இன்சுலின் மிச்சமிருந்தால் சாப்பிட்ட பிறகும் சர்க்கரை இறங்க வேண்டாமா? கேட்பதற்குள் அடுத்தவர் உள்ளே வந்துவிட்டார்.

இரவு ஊசி போடும்போது அம்மா பேனாவைக் காதருகே வைத்துக்கொண்டாள். கண் தெளிவில்லாததால் எண்ணைப் பார்ப்பதில்லை, திருகும்போது வரும் ‘டிக்’ சத்தத்தைத்தான் எண்ணுவாள். ஒரு டிக் ஒரு யூனிட். பன்னிரண்டில் நிறுத்தச் சொன்னதும், “இன்னும் நாலு இருக்குடி” என்றாள். பல வருஷப் பழக்கம்.

மார்ச் 8, சனி

மூன்று நாளாக இதையே படித்துக்கொண்டிருக்கிறேன். முதல் பாதி புரிந்துவிட்டது.

கணையம் சுரக்கும் இன்சுலின் நேரே கல்லீரலுக்குத்தான் போகிறது. அதில் ஏறக்குறைய பாதியைக் கல்லீரலே முதல் சுற்றில் முடித்துவிடும். ஊசியில் போடுகிற இன்சுலினுக்கு அந்தச் சுங்கச்சாவடி கிடையாது. தோலுக்கு அடியிலிருந்து நேராகப் பொது ரத்தத்தில் கலக்கிறது. அதை அப்புறப்படுத்தும் வேலையில் பெரும்பங்கு சிறுநீரகத்தின் தலையில் விழுகிறது: வடிகட்டி, நுண்குழாய்க்குள் இழுத்து, அங்கேயே சிதைத்துவிடும். வடிகட்டும் வேகம் 20-ஐ நெருங்கும்வரை மிஞ்சியிருக்கும் குழாய்கள் எப்படியோ சமாளிக்கின்றன. அதற்குக் கீழே முடிவதில்லை. அம்மா இப்போது அந்த விளிம்பில் நிற்கிறாள்.

இன்னொன்று எனக்குச் சுத்தமாகத் தெரியாது. சிறுநீரகம் சர்க்கரையைத் தயாரிக்கவும் செய்கிறதாம்! இரவு முழுக்கப் பட்டினியாக இருக்கும்போது ரத்தத்துக்குள் வரும் குளுக்கோஸில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு அங்கிருந்துதான். பழுதான சிறுநீரகம் அதையும் குறைத்துக்கொள்ளும். ஆக, விடிகாலை மூன்று மணிக்கு அம்மாவின் உடம்பில் போன வேளை இன்சுலின் மிச்சம், கைகொடுக்க வேண்டிய சர்க்கரை குறைவு. 54 வராமல் என்ன செய்யும்?

சிறுநீரகம் கெடக்கெட நீரிழிவு ‘தேறுவதுபோல்’ தெரிவதை அமெரிக்க மருத்துவர்கள் 1951 இலேயே கவனித்து எழுதியிருக்கிறார்கள். அம்மா திங்கட்கிழமை சொன்னதும் அதேதான். அவளிடம் இதைச் சொல்லவில்லை, பெருமைப்பட்டுக்கொள்வாள்.

மார்ச் 13, வியாழன்

இரண்டாம் பாதி. அந்த 240.

இதைப் பிடித்த விதம் அழகானது. ரால்ஃப் டிஃப்ரான்சோவும் அவருடைய கூட்டாளிகளும் 1979 இல் ஒரு முறையை விளக்கி எழுதினார்கள். நரம்பு வழியாக இன்சுலினை ஒரே அளவில் விட்டுக்கொண்டே இருப்பது. சர்க்கரை இறங்கிவிடாமல் குளுக்கோஸையும் கூடவே ஏற்றிக்கொண்டு, ரத்தச் சர்க்கரையை ஒரே மட்டத்தில் பிடித்து வைப்பது. எவ்வளவு குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருக்கிறதோ, இன்சுலின் அவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று பொருள். 1981 இல் இதையே சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்குச் செய்து பார்த்தபோது, அவர்களுக்கு ஏற்ற வேண்டிய குளுக்கோஸ் வெகுவாகக் குறைந்தது. கல்லீரல் இன்சுலின் சொன்னபடி கேட்டது. கேட்காதது தசை.

இன்சுலின் தசையணுவின் கதவைத் தட்டத்தான் செய்கிறது. சத்தம் உள்ளே போய், குளுக்கோஸைத் தூக்கி வரும் புரதங்களை எழுப்பி வாசலுக்கு அனுப்ப வேண்டும். அந்த உள்வேலையில்தான் தடங்கல். வெளியேறாத கழிவுகள், ரத்தத்தில் கூடும் அமிலம், ஓயாத அழற்சி, வைட்டமின் டி குறைவு, பாராதைராய்டு ஹார்மோன் மிகுதி, அசையாமல் கிடப்பது என்று காரணங்களாகச் சொல்லப்படுபவை நிறைய. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். டயாலிசிஸ் செய்யத் தொடங்கிய பிறகு இந்த எதிர்ப்பு ஓரளவு தணிகிறது. அப்படியென்றால் தேங்கிய கழிவுகளுக்கு இதில் பங்கு உண்டு என்றுதானே ஆகிறது.

சரி, எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் சுருக்கம்: சாப்பிட்டதும் இன்சுலின் இருந்தும் தசை கேட்பதில்லை, அதனால் 240. ராத்திரியில் அதே இன்சுலின் கிளம்ப மனமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது, அதனால் 54. பகலில் போதாமை, இரவில் மிச்சம்; மருந்து ஒன்றுதான்.

மார்ச் 14, வெள்ளி

தம்பி போனில் கேட்டான்: “டோஸ் குறைச்சாச்சுல்ல, அப்படியே நிறுத்திடலாமேக்கா?” நேற்று எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன். பாதியில் “சரிக்கா, நீ பாத்துக்கோ” என்று வைத்துவிட்டான்.

மார்ச் 19, புதன்

மூன்று மாதச் சர்க்கரை, அதாவது ஹெச்பிஏ1சி, 6.1 வந்திருக்கிறது. ஆய்வகத்தில் தாளைக் கொடுத்தவர், “ரொம்ப நல்லா கன்ட்ரோல்ல இருக்கே” என்றார். அம்மா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

6.1 என்றால் சராசரி 128 இருக்க வேண்டும். குறிப்பேட்டில் உள்ள எல்லா எண்களையும் உட்கார்ந்து கூட்டி வகுத்தேன்: 171. நான் குத்துவது சாப்பிட்ட பிறகுதான் அதிகம் என்பதற்காகக் கொஞ்சம் தள்ளிவிட்டாலும், இந்த இடைவெளி பெரிது.

டாக்டர் 6.1-ஐப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்த ஹீமோகுளோபினைத்தான் வட்டமிட்டார்: 9.2. ஹெச்பிஏ1சி என்பது சிவப்பணுவில் ஒட்டிக்கொண்ட சர்க்கரையின் கணக்கு. சிவப்பணு 120 நாள் வாழும் என்று வைத்துக்கொண்டுதான் அதைப் படிக்கிறோம். சிறுநீரகம் கெட்டால் அந்த ஆயுள் குறைந்துவிடும். போதாததற்கு ரத்தசோகைக்காக அம்மாவுக்கு எரித்ரோபாய்ட்டின் ஊசி. அது புதுப்புது அணுக்களை ரத்தத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. புது அணுவில் சர்க்கரை ஒட்ட நேரம் ஏது? எண் பொய்யாக இறங்கிவிடும். “வீட்டுல எழுதுற நோட்டுதான் இப்போ எனக்கு முக்கியம்” என்றார். என் கிறுக்கலுக்கு இப்படி ஒரு மரியாதை.

ரத்தத்தில் அமிலம் கூடாமல் பார்த்துக்கொள்ளும் பைகார்பனேட் 17. குறைந்தது 22 இருந்தால் தேவலை. சோடியம் பைகார்பனேட் மாத்திரை எழுதியிருக்கிறார். அமிலம் தணிந்தால் தசை கரைவதும் இன்சுலின் எதிர்ப்பும் கொஞ்சம் குறையக்கூடும். அதில் சோடியம் இருப்பதால் கால் வீக்கத்தையும் பிரஷரையும் கவனிக்கச் சொன்னார். தசை கரைவது பற்றி அவர் சொன்னபோதுதான் உறைத்தது: பிரஷர் பார்க்கும் பட்டை அம்மாவின் கையில் முன்பைவிட அதிகமாகச் சுற்றிக்கொள்கிறது. மெலிந்துவிட்டாள் என்று மட்டும் நினைத்திருந்தேன். இன்சுலின், சர்க்கரையை உள்ளே விடுவதோடு தசைப் புரதம் சிதையாமலும் காக்கிறது. அதன் பேச்சு எடுபடாதபோது இரண்டும் கெடுகின்றன.

காத்திருந்தபோது பக்கத்தில் ஒருவர் அலுத்துக்கொண்டார்: “எனக்கு சர்க்கரையே கிடையாது, சர்க்கரை மாத்திரை எழுதிட்டாங்க.” டாபாகிளிஃப்ளோசின். 2020 இல் வெளிவந்த டாபா-சிகேடி ஆய்வில் சேர்ந்த 4,304 பேரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு நீரிழிவே இல்லை. அவர்களுக்கும் அது சிறுநீரகத்தைக் காத்தது. நீரிழிவு இல்லாத சிறுநீரக நோயாளிகளிடமும் இன்சுலின் எதிர்ப்பு இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வாய் வந்தது. அவர் ஏற்கெனவே கோபமாக இருந்தார், விட்டுவிட்டேன்.

மார்ச் 27, வியாழன்

நடை. சாப்பிட்டு அரை மணி கழித்து வீட்டுக்குள்ளேயே கால் மணி நேரம், கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே. சுருங்கி விரியும் தசை இன்சுலினின் தயவில்லாமலே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும், அது வேறு வாசல். முதல் நாள் ஆறு சுற்றில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்று இருபத்திரண்டு. நடக்காத நாளில் 238, நடந்த நாளில் 196. ஒரே வாரக் கணக்கு இது. பைகார்பனேட்டும் இதே சமயத்தில் ஆரம்பித்ததால் எதற்கு எந்தப் பங்கு என்று நான் பந்தயம் கட்டமாட்டேன்.

“நடந்தா ஊசி நிக்குமா?” என்றாள்.

“நிக்காது.”

“அப்போ எதுக்குடி?” என்றாள். ஆனாலும் நடந்தாள்.

ஏப்ரல் 9, புதன்

ஐந்து வாரத்தில் மூன்று மணி அலாரத்துக்கு எழுந்து பார்த்ததில் 70-க்குக் கீழே ஒரே ஒரு முறைதான்: 67, அதுவும் இரவில் சரியாகச் சாப்பிடாத நாள். கடந்த வாரம் 104, 118, 97 என்று போகிறது. சாப்பிட்ட பிறகு இன்னும் 200-ஐ ஒட்டித்தான். அதை விரட்டி அடிக்க வேண்டாம், இரவு இறங்காமல் இருப்பதுதான் இப்போதைக்கு முதல் வேலை என்கிறார் டாக்டர். பைகார்பனேட் 21. கிரியேட்டினின் 2.4.

டயாலிசிஸ் தொடங்கும் காலம் வந்தால் இந்த அளவையெல்லாம் மறுபடி மாற்ற வேண்டியிருக்குமாம். இன்சுலின் எதிர்ப்பு தணிந்து, சிலருக்கு ஊசியே தேவைப்படாமலும் போகும். வயிற்று வழி டயாலிசிஸ் என்றால் அந்தத் திரவத்தில் இருக்கும் குளுக்கோஸ் உடம்புக்குள் போகும், கணக்கு வேறு. இப்போதே ஒன்று மட்டும் செய்யச் சொன்னார்: இடது கையில் இனி ரத்தம் எடுக்கவோ ஊசி ஏற்றவோ விடக்கூடாது, பின்னால் அந்த நரம்பு வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா இடது கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: “விரல்ல குத்துறது?”

கேட்க மறந்துவிட்டேன். அடுத்த முறைக்குக் குறித்து வைத்திருக்கிறேன். அதுவரை வலது கை விரல்களில்தான்.