கடல்மேல் ரேடியோ அலை

கப்பல் ரேடியோவில் 16-ஆம் சேனலைத் திறந்து வைத்தால் சாதாரணமாகச் சில பத்து கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் குரல்தான் கேட்கும்; ஏனென்றால் அந்தச் சேனலின் 156.8 மெகாஹெர்ட்ஸ் அலை ஏறக்குறைய நேராகப் போகிறது, பூமியோ வளைந்து கீழே இறங்கிவிடுகிறது. ஆனால் காற்று அசையாமல் கடல் கண்ணாடி மாதிரி கிடக்கும் சில நாட்களில், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருப்பவர் குரல்கூடப் பக்கத்தில் நின்று பேசுவதுபோலக் கேட்கும். முதல்முறை கேட்டபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. குளிர்ந்த ஈரக்காற்றின் மேல் வெப்பமான உலர்காற்று மூடிபோல உட்கார்ந்து, அலையைக் கீழே வளைத்து, கடலை ஒட்டியே ஓட வைக்கிறது.

சரி, மீடியம் வேவ், அதாவது AM வானொலி அலை? அதற்கு இந்த மூடியே வேண்டாம். உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால், நிலத்தில் போவதைவிட வெகுதூரம் நீர்ப்பரப்பைத் தழுவியே போய்விடும்.