பாலைவனத் தியானக் குடில்: மூன்றாவது வரைபடமும் ஒரு மண் கட்டியும்

மூன்றாவது வரைபடம் ஒருவழியாக முடிந்தது. முதல் இரண்டும் குப்பைக்குப் போயின, ஏனென்றால் வீட்டை வரைந்துவிட்டு அதில் எந்த நேரத்தில் உட்காருவது என்று அப்புறம்தான் யோசித்தேன். பாலைவனத்தில் நேரத்தை முடிவு செய்துவிட்டுத்தான் சுவரைத் தொட வேண்டும்.

அறையின் அளவில் குழப்பமே இல்லை. கட்டிக்கொடுக்க ஆள் இல்லாமல், தானே பொருள் கேட்டு வாங்கித் தனக்கென்று குடில் போடும் பிக்குவுக்கு விநய பிடகம் என்ற பௌத்தத் துறவிகளின் விதிநூல் சொல்லும் உள்ளளவு, 12 சுகத சாண் (புத்தரின் சாண்) நீளம், 7 சாண் அகலம், அதற்கு மேல் கூடாது. அந்தச் சாண் எவ்வளவு என்பதில் ஒத்த கருத்து கிடையாது, 25 செ.மீ. என்று வைத்தால் 3 மீட்டருக்கு 1.75 மீட்டர். நான் பிக்கு இல்லைதான், ஆனால் ஒருவர் உட்கார, படுக்க, ஒரு குடம் தண்ணீர் வைக்க இது தாராளம். எறும்பு, கரையான் குடியிருக்கும் இடத்தில் கட்டக் கூடாது, சுற்றிவர வெளி விட வேண்டும் என்பதும் அதே விதியில்தான் இருக்கிறது.

சுட்ட செங்கலை விட்டதற்கும் விநயக் கதை ஒன்று காரணம். தனியர் என்ற பிக்கு, குயவர் மகன், ராஜகிருகத்தின் பக்கம் புல் குடில் போட்டார். அவர் பிச்சைக்குப் போன நேரம் பார்த்துப் புல்லையும் மரத்தையும் யாரோ எடுத்துப் போய்விட, மூன்று முறை இப்படியே ஆனதும் முழுக்க மண்ணால் ஒன்று கட்டி, சாணமும் சுள்ளியும் போட்டு வீட்டையே சூளை வைத்துவிட்டார். தம்பலப்பூச்சி மாதிரி சிவப்பாக, அழகாக இருந்ததாம். மண்ணோடு வெந்துபோன உயிர்களை நினைக்கவில்லையே என்று புத்தர் அதை உடைக்கச் சொல்லிவிட்டார். இன்று நாம் விறகு, புகை என்று கணக்குப் பார்க்கிறோம், அவர் பூச்சிகளைப் பார்த்தார். ஆக, மண்ணும் வைக்கோல் துணுக்கும் பிசைந்த பச்சைச் செங்கல்.

இப்போது என் சொதப்பலுக்கு வருகிறேன். பத்தில் ஒரு பங்கு அளவில், 4 செ.மீ. சுவரோடு மண் மாதிரி ஒன்று செய்து வெயிலில் வைத்து, உள்ளே தெர்மோமீட்டர் தொங்கவிட்டேன். ஒன்றரை மணி நேரத்துக்குள் உள்ளே அடுப்பு. மண் வீடு குளிர்ச்சி என்பதெல்லாம் கட்டுக்கதையோ என்று இரண்டு நாள் மனசு விட்டுப்போய், அப்புறம்தான் உறைத்தது: பகல் வெப்பம் சுவரைக் கடக்க எடுக்கும் நேரம் கனத்தோடு சேர்ந்து கூடுகிறது, 4 செ.மீ. சுவருக்கு ஒரு மணி சொச்சம் என்றால் 40 செ.மீ.க்கு அதைப்போல் பத்து மடங்கு. வடிவத்தைச் சுருக்கலாம், பகலைச் சுருக்க முடியாதே!

சரி என்று மாதிரியைக் கலைத்து, 40 செ.மீ. கனத்தில் ஒரே ஒரு சுவர்த்துண்டு வார்த்தேன். வெயில் புகாமல் மேற்புறத்திலும் பக்கங்களிலும் வைக்கோல் கட்டு, ஒரு முகம் வெயிலுக்கு, எதிர் முகம் நிழலுக்கு. காய்வதற்கே வாரக்கணக்கில் ஆனது, ஓரங்களில் வெடிப்பு வேறு. வெயில் முகம் பிற்பகல் இரண்டரைக்கு உச்சம் தொட்டது, நிழல் முகம் உச்சம் தொட்டபோது விடிகாலை மூன்று. இரவில் தூக்கம் கெட்டு எழுதிய எண்கள், அதனால் கொஞ்சம் பெருமையாகவே சொல்கிறேன்.

இதற்குப் பிறகு வரைபடம் தானாகவே மாறியது. கோடையில் விடியலுக்கு முன் அறைக்குள்தான் புழுக்கம், அப்போது வெளியே வானத்தைப் பார்த்த திண்ணையில் உட்கார வேண்டும், நடுப்பகலில் உள்ளே. குளிர்காலத்தில் அப்படியே மாற்றிக்கொள்ளலாம். நடை தியானத்துக்குக் கிழக்குச் சுவரை ஒட்டி இருபது அடி எடுத்து வைக்கும் பாதை, பிற்பகலில் அங்கே சுவரின் நிழல் விழும். இரவில் திறந்து, வெயில் ஏறுமுன் மூடிவிட இரண்டு துவாரம், ஒன்று தரையோரம், ஒன்று கூரையடியில்.

கூரையை முதலில் அரைக்கோளமாகத்தான் வரைந்தேன். அப்படி ஒரு கூரைக்கடியில் போய் நடுவில் உட்கார்ந்தபோது என் எச்சில் விழுங்கும் சத்தம் எனக்கே திரும்பி வந்தது. மூச்சைக் கவனிக்க வந்தவருக்கு அது பெரும் இம்சை. இப்போது நூபிய வளைவு, எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தி 1940களில் எகிப்தின் நியூ குர்னாவில் கட்டிக்காட்டிய முறை. பின் சுவரில் சாய்த்துச் சாய்த்துச் செங்கல் வரிசை வைப்பதால், கட்டும்போது தாங்க மரச்சாரம் வேண்டாம், மரமே இல்லாத ஊருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம். வளைவின் கோட்டுக்கு ஒரு சங்கிலியைத் தொங்கவிட்டு அட்டையில் வரைந்து, தலைகீழாகத் திருப்பிக்கொண்டேன்.

அடுத்து 30 செ.மீ. போதுமா என்று பார்க்க வேண்டும். பழைய சுவர்த்துண்டை ஊறவைத்து அதே மண்ணை எடுப்பதாகத் திட்டம், ஆனால் வெடிப்பில் ஒரு குளவி கூடு கட்டி அடைத்து வைத்திருக்கிறது. அது காலியாகும்வரை வேலை நிற்கிறது.