மாத்திரைக்கு இறங்காத சர்க்கரை

2025 மே 11

தம்பிக்கு இன்று காலை வெறும் வயிற்றில் சர்க்கரை 268, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 391. மெட்ஃபார்மின் முழு அளவு போகிறது, அதோடு கிளிமிபிரைடு, போன மாதம் விலடாகிளிப்டினும் சேர்த்தாயிற்று. இதற்கும் இறங்கவில்லை என்றால் இன்னொன்று சேர்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வயது 29, உயரம் ஐந்தடி ஏழு அங்குலம், எடை 46 கிலோ. அப்பா வழியிலும் அம்மா வழியிலும் சர்க்கரைக்காரர் யாரும் கிடையாது. ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளை வேலை பார்க்கிறான், நாள் முழுக்க மேடு பள்ளம் ஏறி இறங்குகிறவன். முதலில் கண்டுபிடித்தது மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வரும் அக்காதான். லைன் வீட்டுப் பெரியவர்களுக்கு பிரஷர் பார்க்க வந்தவர், இவன் அடிக்கடி தண்ணீர் குடிப்பதைப் பார்த்துவிட்டு விரலில் குத்திப் பார்த்தார். அவர் மட்டும் அன்று பார்க்காமல் போயிருந்தால் இன்னும் எத்தனை நாள் தெரியாமலே இருந்திருப்பானோ.

எந்த டாக்டரிடம் போனாலும் எப்போதிலிருந்து, என்ன மாத்திரை, அப்போது எவ்வளவு இருந்தது என்று கேட்கிறார்கள், பதற்றத்தில் எதுவும் வாயில் வருவதில்லை. அதனால் தேதி போட்டு எழுதி வைக்கிறேன். இதே நிலையில் இருக்கிற வேறு யாருக்காவது உதவட்டும் என்றுதான் எல்லோரும் பார்க்கும்படி போடுகிறேன்.

மே 18

எச்பிஏ1சி வந்துவிட்டது, 12.1. சுமார் மூன்று மாதத்துச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் பரிசோதனை இது, 6.5 வந்தாலே சர்க்கரை நோய் என்பார்கள். ஒரு நாள் பட்டினி கிடந்து ஏமாற்ற முடியாது, ஒரு நாள் பிரியாணி சாப்பிட்டதற்கு ஏறவும் ஏறாது. ஆக, மூன்று மாதமாக அவன் உடம்பு சர்க்கரையில் ஊறிக் கிடக்கிறது.

மாம்பழ சீசன் வேறு. வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே பேச்சு, "மல்கோவாவைப் பார்த்துட்டு எப்படிங்க வாயைக் கட்டுவான்." இந்த வருடம் அவன் ஒரு துண்டு தொடவில்லை. இரண்டு வேளை ராகிக் களி, கீரை, கொஞ்சம் சோறு, அவ்வளவுதான். மருத்துவமனையிலும் அதையே வேறு மாதிரி சொன்னார்கள், டயட் சரியில்லை என்று. தின்றது எதுவும் உடம்பில் ஒட்டாமல், இருக்கிற சதையும் கரைந்துகொண்டிருக்கிற ஒருவனைப் பார்த்து நீ வாயைக் கட்டவில்லை என்று சொல்வது அநியாயம். அம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

மே 25

ஏற்காடு போய் வந்தேன். கோடை விழா நேரம், பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. இருபது கொண்டை ஊசி வளைவும் நின்றுகொண்டே ஏறினேன்.

மதியம் சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் அவனுக்கு வயிற்று வலி வந்தது. மேல் வயிற்றில் ஆரம்பித்து முதுகுக்கு ஊடுருவுகிற வலி. படுக்க முடியவில்லை, கட்டிலில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு முன்னால் குனிந்தால்தான் கொஞ்சம் தாங்குகிறது என்றான். பத்தாம் வகுப்பு படிக்கும்போதே அப்படித்தான் உட்காருவான், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போது கேஸ் என்றார்கள், பிறகு அல்சர் என்றார்கள், ஊசி போட்டு அனுப்புவார்கள், சில மாதம் வலி இருக்காது, மறுபடி வரும். சர்க்கரைக்குப் போகும்போது இந்த வலியைப் பற்றி யாரும் கேட்டதில்லை. வயிறு வேறு, சர்க்கரை வேறு என்று இவனும் சொன்னதில்லை.

இன்னொன்றும் கேட்டேன். தயங்கித் தயங்கித்தான் சொன்னான், மலம் வெளிறிப் போய், எண்ணெய் மாதிரி பிசுபிசுப்பாக, தண்ணீர் ஊற்றினாலும் ஒட்டிக்கொண்டு, பயங்கர நாற்றமாகப் போகிறதாம். ரொம்ப நாளாகவே. அக்காவான என்னிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டான். இரண்டையும் இதில் எழுதி வைக்கிறேன், அடுத்த டாக்டரிடம் முதலில் இதைத்தான் சொல்லப்போகிறேன்.

ஜூன் 1

சித்தி பையன் ஒரு செய்தி அனுப்பினான். ஒல்லியானவர்களுக்கு வரும் ஐந்தாம் வகைச் சர்க்கரை நோயாம், "இது அப்படியே நம்ம அண்ணன் மாதிரி இருக்குக்கா" என்று. தேடிப் படித்தேன். சின்ன வயதில் சத்தில்லாமல் வளர்ந்தவர்களுக்கு இன்சுலின் போதாமல் வருவது. 1985ல் உலக சுகாதார நிறுவனம் சத்துக்குறைவுச் சர்க்கரை நோய் என்று தனியாக வகைப்படுத்தி, 1999ல் அந்த வகையை எடுத்துவிட்டார்கள். இப்போது ஏப்ரலில் பாங்காக்கில் நடந்த மாநாட்டில் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு அதை ஐந்தாம் வகையாக ஏற்றுக்கொண்டது, அதில் வேலூர் சிஎம்சி டாக்டர்களின் உழைப்பும் இருக்கிறது.

படித்ததும் இதுதான் என்று அடித்துச் சொல்லத் தோன்றியது. ஆனால் அதில் வயிற்று வலி பற்றி ஒன்றுமில்லை. பெரியவர்களுக்கு மெதுவாக வரும் முதல் வகை பற்றியும் படித்தேன், அதை லாடா என்கிறார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே இன்சுலின் சுரக்கும் செல்களை அழிப்பது. அதுவும் ஒல்லியானவர்களுக்கு வரும், அதையும் பல பேருக்கு இரண்டாம் வகை என்று நினைத்து வருடக்கணக்கில் மாத்திரை கொடுத்துவிடுகிறார்களாம். எது என்று வீட்டில் உட்கார்ந்து நாம் முடிவு செய்ய முடியாது. ஆனால் இது எந்த வகை என்று கேட்கலாம், அந்தக் கேள்வியை இதுவரை எங்களிடம் யாரும் எழுப்பவே இல்லை.

ஜூன் 9

சேலத்திலேயே வேறொரு சர்க்கரை டாக்டர். பழைய சீட்டுகளை எல்லாம் வரிசையாகப் பார்த்தார், நான் எழுதியதையும் வாசித்தார். வயிற்று வலி என்ற இடத்தில் நிறுத்தி, "எங்க வலிக்குது, கை வச்சுக் காட்டுங்க தம்பி" என்றார். மலம் எப்படிப் போகிறது என்று அவரே கேட்டார், இவன் வெட்கப்பட வேண்டிய அவசியமே வரவில்லை. பிறகு சொன்னார், "இவருக்கு எத்தனை மாத்திரை போடணும்ங்கிறது அப்புறம். என்ன வகைன்னு முதல்ல பார்ப்போம்."

எழுதிக் கொடுத்தவை: சி-பெப்டைடு, ஜிஏடி ஆன்டிபாடி, சிறுநீரில் கீட்டோன் (இன்சுலின் ரொம்பக் குறைந்தால் கொழுப்பு எரிந்து வரும் பொருள்), வயிற்று எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். கணையம் இன்சுலின் தயாரிக்கும்போது அதற்குச் சமமாக சி-பெப்டைடும் வெளியே வரும், அதனால் கணையம் எவ்வளவு வேலை செய்கிறது என்று அதில் தெரியும். அதே ரத்தத்தில் சர்க்கரை அளவும் சேர்த்துப் பார்க்க வேண்டும், சர்க்கரை ரொம்ப ஏறிக் கிடக்கும்போது கணையம் தற்காலிகமாகச் சோர்ந்து குறைவாகவும் காட்டலாம், அதனால் அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்றார். இன்சுலின் செல்களைத் தாக்கும் எதிர்ப்புச் சக்தியின் அடையாளமான ஜிஏடி இருந்தால் லாடா பக்கம். விலடாகிளிப்டினை இன்றே நிறுத்தச் சொல்லிவிட்டார், கணையத்தில் சந்தேகம் இருப்பவர்களுக்கு அந்த வகை மாத்திரை வேண்டாமாம்.

ஜூன் 11

ஸ்கேன் எடுத்தவர் திரையைப் பார்த்துக்கொண்டே "தண்ணி அடிப்பீங்களா?" என்று கேட்டார். தம்பி இல்லை என்றான். "எவ்வளவு வருஷமா?" என்று மறுபடியும். அவன் முகம் சுருங்கிப் போய்விட்டது. அவன் பீரைக்கூடத் தொட்டதில்லை. கணையம் கெட்டுப்போனால் குடிதான் காரணமாக இருக்கும் என்று நினைப்பது பழக்கமாகிவிட்டது போலிருக்கிறது. கேட்பது அவர்கள் வேலை, சரி. இல்லை என்று சொன்ன பிறகும் நம்பாமல் கேட்பது வலிக்கிறது.

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தபோது எனக்கே தெரிந்தது. முதுகெலும்பின் குறுக்கே, மேல் வயிற்றில், வெள்ளை வெள்ளையாகக் கற்கள்.

ஜூன் 14

ஜிஏடி நெகட்டிவ். கீட்டோன் இல்லை. சி-பெப்டைடு 0.6, அந்த நேரத்தில் சர்க்கரை 240. அவ்வளவு சர்க்கரை இருந்தும் கணையம் அவ்வளவுதான் சுரக்கிறது. ஸ்கேனில் கணையம் சுருங்கி, அதன் முக்கியக் குழாய் விரிந்து, உள்ளே பெரிய பெரிய கற்கள்.

எஃப்சிபிடி என்றார். ஃபைப்ரோகால்குலஸ் பேங்க்ரியாட்டிக் டயாபடீஸ். கணையக் கல்லால் வரும் சர்க்கரை நோய். இந்தியா மாதிரி வெப்பநாடுகளில், குடிக்காத இளம் வயதினருக்கே வருகிற கணைய அழற்சியின் கடைசிக் கட்டம். பெரும்பாலும் முதலில் வலி, பிறகு சர்க்கரை, சிலருக்குக் கொழுப்பு செரிக்காமலும் போகும். மூன்றும் தம்பிக்கு வந்திருக்கிறது. ஒரு எக்ஸ்ரேயில் தெரிகிற விஷயம்.

ஐந்தாம் வகையா என்று கேட்டேன். இல்லை என்றார், கணையத்தில் கல் இருக்கும்போது இது கணைய நோயால் வரும் சர்க்கரைக் கணக்கில் வரும். 1985ல் இரண்டையும் ஒரே தலைப்பின் கீழ் வைத்திருந்தார்களாம், அதனால் குழம்புவது இயல்புதான் என்றார்.

அம்மாவுக்கு உடனே குச்சிக்கிழங்கின் மேல், அதாவது மரவள்ளியின் மேல் சந்தேகம். வாழப்பாடிப் பக்கம் தாத்தா காட்டில் அதைப் போட்டுத்தான் சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்கு அனுப்புவார், நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது பல இரவு அவித்த கிழங்குதான் சாப்பாடு. "நான் ஆக்கிப் போட்டதுதான் புள்ளைய இப்படிப் பண்ணிருச்சா சாமி" என்று டாக்டரிடமே கேட்டுவிட்டார். அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். 1950களில் இந்தோனேசியாவில் சூடெமா, 1960களில் கேரளத்தில் கீவர்கீஸ் ஆகிய டாக்டர்கள் இந்த நோயாளிகளைப் பற்றி எழுதியபோது, பலரும் மரவள்ளி தின்னும் ஏழைகளாக இருந்ததால், கிழங்கில் உள்ள சயனைடு தரும் பொருள்தான் காரணமோ என்று நினைத்தார்கள். ஆனால் மரவள்ளி சாப்பிடாத ஊர்களிலும் இது வருகிறது, அதனால் அந்தக் கருத்து நிற்கவில்லை. ஸ்பிங்க் 1 என்ற மரபணுவில் மாற்றம் பல நோயாளிகளிடம் இருப்பதை 2000க்குப் பிறகு கண்டுபிடித்திருக்கிறார்கள். "நீங்க போட்ட சோத்துனால வரலைம்மா" என்றார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அம்மா அன்று இரவு தூங்கினார்.

ஜூன் 22

இன்சுலின் ஆரம்பித்து ஒரு வாரம் ஆகிறது. காலை, இரவு இரண்டு வேளை. சாப்பாட்டோடு என்சைம் மாத்திரை, முதல் வாய் வைக்கும்போதே போட வேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் பயனில்லை. கணையம் சுரக்க வேண்டிய செரிமான என்சைம்கள் அதில் இருக்கின்றன. வைட்டமின் டி குறைவாக இருந்தது, கொழுப்பு செரிக்காவிட்டால் ஏ, டி, இ, கே நான்கும் உடம்பில் சேராதாம், அதற்கும் மருந்து.

எஸ்டேட் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. பிரிக்காத பாட்டில்கள் என் வீட்டு ஃபிரிட்ஜில், ஃப்ரீசரில் அல்ல, கீழ்த்தட்டில். பிரித்துப் பயன்படுத்துவது 30 டிகிரிக்குள் இருந்தால் சுமார் நாலு வாரம் வெளியிலேயே வைக்கலாம், ஏற்காட்டுக் குளிரில் அது கஷ்டமில்லை. சேலத்து மே மாதத்தில் என்றால் பயந்திருப்பேன்.

வெறும் வயிற்றில் இன்று 171. அவன் போனில் எண்ணைச் சொன்னபோது குரலே மாறியிருந்தது.

ஜூலை 20

காட்டில் ஆட்களோடு நிற்கும்போது தம்பிக்குக் கை நடுங்கி, வியர்த்து ஊற்றி, கண் இருட்டியிருக்கிறது. 52. சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருந்தது, தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான், கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் 88.

இதை முன்னாலேயே டாக்டர் சொல்லியிருந்தார், அதனால்தான் பொட்டலம் இருந்தது. கணையம் இன்சுலினோடு குளுக்ககான் என்ற ஹார்மோனையும் சுரக்கிறது, சர்க்கரை ரொம்ப இறங்கினால் அதைத் தூக்கிவிடுவது அதுதான். கணையமே கெட்டுப்போனவர்களுக்கு அதுவும் குறைந்துவிடும். அதனால் தாழ்சர்க்கரை இவர்களை மற்றவர்களைவிடச் சீக்கிரம் கவிழ்க்கும். வகை தெரிவது எதற்கு, எப்படியும் இன்சுலின்தானே என்று மாமா கேட்டார். இதற்குத்தான்.

காலை டோஸைக் குறைத்தார்கள். அவனோடு வேலை செய்கிற இரண்டு பேருக்கும் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறோம்.

ஆகஸ்ட் 3

ஆடிப் பெருக்குக்கு இறங்கி வந்திருந்தான். மலம் சரியாகப் போகிறது, வலி இந்த மாதம் இல்லை. வலி வந்தால் அம்மா ஜவ்வரிசிக் கஞ்சிதான் காய்ச்சுவார், அது சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும் என்பதால் இப்போது இல்லை. எடை 49.

செப்டம்பர் 15

எச்பிஏ1சி 7.8. எடை 51.

கல் அப்படியேதான் இருக்கிறது. பெரிய கல்லை வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்து உடைத்து, எண்டோஸ்கோப் வழியாக எடுக்கும் முறை இருக்கிறது, வலி மறுபடி வந்தால் அதைப் பற்றி யோசிக்க வேண்டும், அதனால் சர்க்கரை போய்விடும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்றார். இந்த நோய் உள்ளவர்களுக்குக் கணையப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், அதனால் காரணமில்லாமல் எடை குறைந்தாலோ வலியின் தன்மை மாறினாலோ தள்ளிப்போடாமல் வர வேண்டும். இதைத் தம்பியிடம் மறைக்க வேண்டாம் என்று நானே சொன்னேன், அவன் உடம்பு, அவனுக்குத் தெரிய வேண்டும்.

சில குடும்பங்களில் கூடப்பிறந்தவர்களுக்கும் வரலாம் என்பதால் எனக்கும் சர்க்கரையும் ஸ்கேனும் பார்த்தார்கள், இரண்டும் நன்றாக இருக்கிறது. தங்கை கல்யாணமான நாளிலிருந்து கேஸ் வலி என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். வியாழக்கிழமை அவளுக்கு எக்ஸ்ரே.